சிறப்புரைக்கு இரண்டு நிமிடம்

அப்பாடா, ஏறிட்டனுங்க! சித்தெ அக்கட்ட நகந்து உக்காருங்கம்மிணி. இந்தப் பைய மடியிலயே வெச்சுக்கறேன், பெரிய கனமில்ல. இன்னொரு நொடி தாமசமாயிருந்தா வண்டி போயிருக்குமுங்க. பிளாட்பாரத்துல ஒரே ஓட்டமா ஓடியாந்து கைக்கு எட்டுன பெட்டியில தொத்திட்டேன். அம்பத்தேழு வயசுல நானு இப்படி ஓடுனேன்னு எங்கூட்டுல சொன்னா நம்பவே மாட்டா.

என்னங்கம்மிணி? ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, மூச்சு வாங்குது. தண்ணி குடிச்சிட்டுச் சொல்றேன். நானு சோமனூர் போறனுங்க. எதுக்குன்னு கேளுங்க. கேக்கலீன்னாலும் சொல்லீருவேன், என்னால அடக்க முடியல. அங்க ஒரு நூல் மில்லுல இன்னிக்கு மகளிர் தின விழா. பத்தரைக்குத் தொடங்குது. சிறப்புரை ஆருன்னு நெனைக்கறீங்க? நாந்தான்! நாச்சிமுத்து, நலத்துறை அலுவலர்னு அச்சுல போட்டிருக்கறாங்க. தலைப்பு என்ன தெரியுங்களா? "பெண்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?"

அட, இப்பத்தான் பாக்கறேன், சுத்தியும் பொம்பளைகளாவே இருக்கீங்க! கோயிலுக்குக் கூட்டமாக் கெளம்பீட்டீங்களாக்கும்? பாட்டியும் இருக்குது, காலேஜ் புள்ளையும் இருக்குது, பூக்கட்டற அக்காளும் இருக்கறாங்க. நல்லதாப் போச்சு போங்க. நானு பேசப் போறதை உங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கறேன். உங்குளுக்கும் பொழுது போகும்.

இருங்கம்மிணி, இருங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு ஆம்பளையப் போயி எதுக்கு மகளிர் தினத்துல பேசக் கூப்புட்டாங்கன்னுதானே? அங்கதான் கதையே இருக்குது.

எங்க கம்பெனி பம்பு மோட்டார் பண்ற கம்பெனிங்க. கோயமுத்தூர்ல கணபதிக்கு அக்கட்ட இருக்குது. நானு அங்க சேந்து முப்பத்தோரு வருசம். இந்த முப்பத்தோரு வருசத்துல எத்தன விழா! ஆயுத பூஜை, பாதுகாப்பு வாரம், ரத்த தானம். அத்தனையும் இந்தக் கையாலதான் நடந்துச்சு. சேர் போடறது நானு, மாலை வாங்கறது நானு, மைக்கத் தட்டி "ஹலோ, ஹலோ, செக்" சொல்றதும் நானு. அந்த மைக்குல "ஹலோ"வுக்கு மேல ஒரு வார்த்தை நானு பேசினதில்லீங்க. நோட்டீஸ்ல ஒருக்காவாச்சும் என்ற பேரு வருமான்னு ஒவ்வொரு தடவையும் பாப்பேன். வராதுங்க. உள்ளுக்குள்ள ஒரு ஏக்கம் கெடந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அதுதான் இன்னிக்குக் கால் தரையில நிக்கல.

போன வருசம் மாசி மாசம் பூனாவுல இருக்கற ஹெட் ஆபீஸுல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. டைரக்டர் அனுஜா மேடம் போட்டது. "பாலின சமத்துவ விழா நடத்துங்க. தொழிலாளிகளுக்கு ஊக்கம் குடுக்கற மாதிரி பெண் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுங்க. நானே நேர்ல வாரேன்." அவ்வளவுதான், ஆபீஸு ரெண்டாயிருச்சு. ஜி.எம். தண்டபாணி சார் உடனே ஒரு கமிட்டி போட்டாரு. ஜி.எம்., புரொடக்சன்ல ஒருத்தரு, அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தரு, யூனியன் செயலாளர் ஆறுச்சாமி, அப்பறம் நானு. அஞ்சு பேருமே நல்ல அனுபவசாலிங்க.

கமிட்டியில பொம்பளை இல்லையான்னு கேக்கறீங்களா? இருந்தாங்களே! கலாமணின்னு வைண்டிங் செக்சன்ல மோட்டாருக்குக் கம்பி சுத்தற புள்ளை. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதனால, "வாம்மிணி, வந்து மினிட்ஸ் எழுது"ன்னு கூப்புட்டு உக்கார வெச்சோம். டீயும் அந்தப் புள்ளைதான் ஊத்துச்சு. பொம்பளைகளை ஒதுக்கி வெக்கற பழக்கமெல்லாம் எங்க கம்பெனியில கெடையாதுங்க.

இது என்ன ஸ்டேசன்? பீளமேடா? என்னங்கம்மிணி, கையக் காட்டறீங்க? எறங்கறதா? இங்கயா? இது பீளமேடுங்க, நானு சோமனூரு. இன்னும் நெறையத் தூரம் இருக்குது, கவலப்படாதீங்க. பாருங்க, பக்கத்துல இருக்கறவிகளுக்கு ஸ்டேசன் தப்பிரக்கூடாதுன்னு உங்குளுக்குத்தான் எத்தன அக்கறை! பொம்பளைக மனசே தனிதானுங்க. இதையும் பேச்சுல சேத்துக்கோணும்.

எங்க உட்டேன்? ஆங், கமிட்டி. மொதல்ல அக்கவுண்ட்ஸ்காரரு சொன்னாரு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொண்ணு இமயமலை ஏறிட்டு வந்திருக்குது, அதைக் கூப்புடலாமுன்னு. ஜி.எம். கண்ண மூடி யோசிச்சாரு. "ஏறிட்டு வந்து நம்ம பொம்பளைககிட்ட என்னய்யா சொல்லும்? லீவு போட்டுட்டு மலை ஏறுங்கன்னா? அப்பறம் மெசின ஆரு ஓட்டறது?"ன்னாரு. நாயந்தானுங்களே. மலை போச்சு.

ஒரு டாக்டரம்மாளச் சொன்னாங்க. அதுக்கு நம்ம ஆறுச்சாமியே ஆகாதுன்னுட்டாரு. "டாக்டரம்மா வந்தா ரத்தம் கம்மி, சத்து கம்மின்னு பேசுவாங்க. அடுத்த நாளு எல்லாரும் கேண்டீன்ல முட்டை கேப்பாங்க. நாந்தான் பேச்சுவார்த்தைக்கு வந்து உக்காரோணும்." இன்ஸ்பெக்டரம்மா? கேட்டுல ஜீப்பு வந்து நின்னா ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்! வக்கீலம்மான்னு சொல்ல வந்தவரு பாதியிலயே வாய மூடிட்டாரு, எல்லாரும் அவரையே பாக்கவும்.

மூணு மீட்டிங்கு நடந்துச்சுங்க. பதினேழு பேரத் தள்ளிட்டோம். இந்தியாவுல ஊக்கம் குடுக்கற பொம்பளைகளுக்கு இத்தன பஞ்சமான்னு எனக்கே வருத்தமாப் போச்சு. அப்பத்தான் ஜி.எம். மெதுவாக் கனைச்சாரு. "எங்கூட்டுல நல்லாக் கோலம் போடுவாங்க. பரிசெல்லாம் வாங்கியிருக்கறாங்க"ன்னாரு. ஆறுச்சாமிதான் மொதல்ல கை தட்டுனாரு. பொறகு எல்லாரும் தட்டுனோம். ஒருத்தரு கூட மாத்திப் பேசல. அந்த மாதிரி ஒத்துமைய நானு போனஸ் பேச்சுவார்த்தையில கூடப் பாத்ததில்லீங்க.

இன்னொருத்தரு வேணுமே! அப்ப எனக்கு டக்குன்னு ஒரு யோசனை. கலாமணி அப்பத்தான் என்னமோ வசந்தாமணியக்கா, தண்ணி லாரின்னு முனகிட்டு இருந்துச்சு. மூணு மீட்டிங்குலயும் முனகிட்டே இருந்துச்சு. "எழுதற வேலையப் பாரம்மிணி"ன்னு ஜி.எம். அதட்டுனாரு. எனக்கோ மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி. "சார், நம்ம கம்பெனிக்குத் தெனமும் தண்ணி லாரி ஓட்டிட்டு வர்றாங்களே ஒரு அம்மா, அவிகளக் கூப்புட்டா என்ன?"ன்னேன். எல்லாரும் என்னைய அப்படியே பாத்தாங்க. கலாமணியும் பாத்துச்சு. அசந்து போயிருச்சு பாவம், பேனாவக் கீழ வெச்சிருச்சு.

அந்தம்மா ஒம்பது வருசமா எங்க கேட்டுக்குள்ள லாரிய ஓட்டிட்டு வர்றாங்க. கேட்டு நோட்டுல "தண்ணி லாரி"ன்னுதான் எழுதுவோம், பேரு ஆருக்கும் தெரியாது. வீட்டுக்காரரு முதுகு வலின்னு படுத்துட்டாராம். லாரி வாசல்ல சும்மா நின்னுச்சாம். ஒரு நாளு இவிகளே ஏறி ஓட்டிட்டாங்களாம். ஜி.எம்.முக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. "கார் அனுப்ப வேண்டாம், அவிகளே வண்டியில வந்துருவாங்க. வரும்போதே தண்ணியும் வந்துரும்"ன்னாரு. அதுதானுங்க நிர்வாகம்!

சிரிங்க, சிரிங்க. நல்லா வாய் விட்டுச் சிரிங்க. இந்தப் பூக்கட்டற அக்கா எந்த எடத்துல சிரிக்கோணுமோ அந்த எடத்துல கரெக்டாச் சிரிக்கறாங்க. மில்லுல இருக்கறவிகளும் இப்படிச் சிரிச்சா நாந் தப்பிச்சேன்.

மேல என்ன காட்டறீங்கம்மிணி? காத்தாடியா? ஓடலீங்களா? ஓடும், ஓடும், சித்தெ பொறுங்க. இல்லீன்னா ஒரு கம்ப்ளெயிண்டு எழுதிப் போடுங்க. எழுதிப் போட்டாத்தான் எந்த வேலையும் நடக்கும், நலத்துறையில இருக்கறவன் சொல்றேன்.

போனடிக்குது. எங்கூட்டுலதான், தெய்வாத்தாள். காலையில கெளம்பும்போதே வாசல் வரைக்கும் ஓடியாந்து என்னமோ சொல்ல வந்தா. "வந்து கேக்கறேன்"னுட்டு வண்டியெடுத்துட்டேன். இப்பவும் அதாத்தான் இருக்கும். வெச்சிருவோம், பேசிட்டு இருக்கும்போது தொந்தரவு.

பொறகு நோட்டீஸு அடிக்கோணும். நோட்டீஸு அடிக்கறது சாமானிய வேலையில்லீங்க. பேச்சாளரத் தேடறத விடக் கஷ்டம். தலைமை, ஜி.எம். முன்னிலை, புரொடக்சன் சார். ஆறுச்சாமி பேரு இல்லீன்னா யூனியன்ல பேசுவாங்க, அதனால வாழ்த்துரை. அவரப் போட்டா எதிர் யூனியன்காரர உட முடியுமா? அவருக்கும் வாழ்த்துரை. மோட்டாருக்குக் கம்பி குடுக்கற முதலாளி, பேங்க் மேனேஜர், ரோட்டரிக்காரரு, எல்லாரும் நாளைக்கு வேணுமில்லீங்களா? பதினோரு ஆம்பளைக பேரு போட்டு முடிச்சுப் பாத்தா, சிறப்புரைக்கு எடமில்ல! அச்சாபீஸுக்காரன் எழுத்தச் சின்னதாக்கி எப்படியோ அடியில சொருகிட்டான். ஜி.எம். சம்சாரத்தோட பேரு எனக்குத் தெரியாது. அவருகிட்டப் போயி "உங்க சம்சாரம் பேரென்னங்க"ன்னு எப்படிக் கேக்கறது, மரியாதையில்ல. அதனால "திருமதி தண்டபாணி"ன்னு போட்டு உட்டேன். அதுக்கப்பறமும் எம்பேருக்கு எடமில்ல. சரி, பழக்கந்தானேன்னு இருந்துட்டேன்.

விழா அன்னிக்குக் காலையில பத்து மணிக்குத் தொடங்குனோம். அனுஜா மேடம் முன் வரிசையில, பக்கத்துல தமிழை இங்கிலீசுல சொல்ல ஒரு புள்ளை. பின்னால வைண்டிங் செக்சன் பொம்பளைக நூத்துப் பத்துப் பேரு. ஜி.எம். மைக்கப் புடிச்சாரு. அவிக அம்மாளப் பத்திப் பேசுனாரு பாருங்க, நாப்பது நிமிசம்! அவருக்காகப் பழைய சோறு தின்னது, அவரு காலேஜ் போகத் தாலிக்கொடிய வித்தது எல்லாம் சொல்லி அழுதே போட்டாரு. அடுத்து புரொடக்சன் சாரு. அவரும் அவிக அம்மா. ஆறுச்சாமியும் அவிக அம்மா. பேங்க் மேனேஜருக்கு அம்மா இல்ல, சின்னப்பவே போயிட்டாங்களாம். அதனால சித்தி. பதினோரு பேரும் மூக்கத் தொடச்சிட்டுத்தான் எறங்குனாங்க. எனக்கும் எங்கம்மா நெனப்பு வந்து கண்ணு கலங்கிருச்சு. பின்னால இருந்த பொம்பளைககூடத் தலையக் குனிஞ்சுட்டாங்க. கொஞ்சப் பேரு அப்படியே கண்ண மூடிட்டாங்க. அத்தன உருக்கம்.

கடியாரம் பாத்தா பன்னண்டு இருவது! பன்னண்டரைக்குச் சங்கு ஊதிரும், கேண்டீன் தொறக்கோணும், ஒரு நிமிசம் தள்ளுனா அடுத்த சிப்டே கெட்டுப் போகும். நானு ஓடிப் போயி, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டே நிமிசம் பேசுங்க, போதும்"னு காதுல சொன்னேன். மேடம் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கறாங்க, நேரம் தவறுனா நல்லாவா இருக்கும்?

ஜி.எம். சம்சாரம் எந்திரிச்சாங்க. மைக்குகிட்ட வந்து, "என்ற பேரு சிவகாமிங்க. நோட்டீஸ்ல உட்டுப் போச்சு"ன்னாங்க. போயி உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான் பேச்சே! வைண்டிங் செக்சன் மொத்தமும் தட்டுச்சு பாருங்க கை. தூங்கிட்டு... இல்ல, உருகிட்டு இருந்தவிகெல்லாம் எந்திரிச்சுத் தட்டுனாங்க. ஜி.எம்.மும் தட்டுனாரு. கொஞ்சம் மெதுவாத் தட்டுனாரு.

இப்ப அந்தத் தண்ணி லாரியம்மா, வசந்தாமணி. காக்கிச் சட்டைய சேலைக்கு மேல போட்டுட்டு வந்திருந்தாங்க. "ரெண்டு நிமிசத்துல என்ற லாரிய ரிவர்ஸு கூட எடுக்க முடியாதுங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. "அதனால அந்த ரெண்டு நிமிசத்த நானு உங்குளுக்கே குடுத்தர்றேன். ஏம் புள்ளைகளா, உங்குளுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க"ன்னுட்டு, மைக்கக் கையில புடிச்சிட்டு மேடைய உட்டு எறங்கீட்டாங்க! நோட்டீஸ்லயே இல்லாத காரியம். ஒயரு எட்டல. எனக்குத்தானே தெரியும் ஒயரு எங்க சுருட்டி இருக்குதுன்னு! ஓடிப் போயி ஒயர அவுத்து உட்டனுங்க. நானு மட்டும் அன்னிக்கு ஒயர உடலீன்னா இந்தக் கதையே இல்ல. இதை ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்க, அதனால நானே சொல்லிக்கறேன்.

மைக்கு கலாமணி கைக்குப் போச்சு. அந்தப் புள்ளை எந்திரிச்சு, "எங்க பக்கத்துக் கக்கூஸுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லீங்க. மூணு வருசமாச்சு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கறோம்"னு சொல்லுச்சு.

இங்கிலீசுல சொல்ற புள்ளையும் மேடம் காதுல சொல்லி முடிச்சிருச்சு. அப்பறம் கை தட்டுனாங்க பாருங்க! சங்கு ஊதுது, ஒருத்தரும் எந்திரிக்கல. தட்டறாங்க, தட்டறாங்க. நானு திகைச்சுப் போயிட்டேன். பதினோரு அம்மாவுக்கு வராத கைதட்டு, ஒரு தாழ்ப்பாளுக்கு!

அது கம்ப்ளெயிண்டு புஸ்தகத்துல மூணு தடவை எழுதியிருந்துச்சாம். புஸ்தகம் எங்கிட்டத்தான் இருக்குது. அதை ஆரும் கிழிச்சுப் போட்றக் கூடாதுன்னு பீரோவுல வெச்சுப் பூட்டியிருந்தேன். பூட்டு நல்ல பூட்டு.

அனுஜா மேடம் திரும்பி, "இங்க வெல்பேர் ஆபீசர் ஆரு?"ன்னு கேட்டாங்க. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. முப்பத்தோரு வருசத்துல மேடையில என்னைய ஆரும் கேட்டதில்லீங்களே! எந்திரிச்சு ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டேன். மேடம் என்னையே பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. பெரியவங்க நாலு பேரு முன்னால பாராட்டிப் போட மாட்டாங்க, பாத்தாலே போதும்.

இருகூர் போயிருச்சா? பாருங்க, பேச்சுல தெரியவே இல்ல. இருங்கம்மிணி, இருங்க, நீங்க ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வர்றீங்க, எனக்குப் புரியுது. முக்கியமான எடம் வருது, முடிச்சிட்டு உங்ககிட்டயே உட்டர்றேன்.

அன்னிக்குப் பொழுதுக்குள்ள தாழ்ப்பாள் மாட்டியாகோணும்னு மேடம் உத்தரவு. கமிட்டி மறுபடியும் கூடுச்சு. ஜி.எம்.மே கடைக்குப் போயி பித்தளையில தாழ்ப்பாள் வாங்கியாந்தாரு. அஞ்சு பேரும் போனோம். ஸ்க்ரூ டிரைவரு எங்கையில. கதவுகிட்டப் போனதும் நின்னுட்டோமுங்க. பொம்பளைக கக்கூஸு! நாங்க அஞ்சு ஆம்பளைக! உள்ள எப்படிப் போறது? நாளைக்கு ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்க வேண்டாமா? மட்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அதனால உள்ள காலே வெக்காம, வெளிய நின்னே மாட்டிப் போட்டோம்.

ஆமாங்க, தாழ்ப்பாளத்தான். வெளிப்பக்கத்துல.

நல்லாச் சிரிக்கறீங்களே! பாட்டிக்குப் பொறையேறுது, ஆராச்சும் தண்ணி குடுங்க. கலாமணியும் இப்படித்தான். அடுத்த நாளுக் காலையில வந்து பாத்துச்சு. தரையில உக்காந்துட்டுச் சிரிச்சுது. செக்சனே சிரிச்சுது. பத்து நிமிசம் ஒரு மெசினும் ஓடல. நானும் கூட நின்னு சிரிச்சேன், எதுக்குன்னு மட்டும் வெளங்கல. ஜி.எம். ரூம்புல இருந்து எட்டிப் பாத்துட்டு, "ஊக்கம் வந்துருச்சுய்யா"ன்னாரு.

பொறகு அந்தப் புள்ளைகளே கழட்டி உள்பக்கம் மாட்டீட்டாங்க. மோட்டாரே பிரிச்சு மாட்டறவிகளுக்கு ஒரு தாழ்ப்பாள் எம்மாத்திரம்? அஞ்சு நிமிச வேலை. ஆனா போட்டோவுல ஸ்க்ரூ டிரைவரோட நிக்கறது நாந்தான். கம்பெனிப் பத்திரிகையில வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் சோமனூர் மில்லுக்காரரு என்னையப் பேசக் கூப்புட்டாரு. கலாமணிகிட்ட அதைச் சொன்னப்ப, "நீங்க போயிட்டு வாங்கண்ணா, நல்லாப் பேசுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லுச்சு. தங்கமான புள்ளை.

வாய் வலிக்குது போங்க. பேச்ச ஒருக்கா எடுத்துப் பாத்துக்கறேன். எங்க... சட்டப் பையில இல்ல. பையிலயும் இல்ல. கண்ணாடிங்கம்மிணி, என்ற கண்ணாடி! அது இல்லாம ஒரு எழுத்துத் தெரியாது எனக்கு. அட சாமி, தெய்வாத்தா வாசல் வரைக்கும் ஓடியாந்தது இதைச் சொல்லத்தானாட்ட இருக்குது. போன் பண்ணதும் இதுக்குத்தான். சரி, பரவால்ல, எல்லாம் மனசுல இருக்குது. இந்தாங்க, இந்த நோட்டீஸ நீங்களே படிங்க. அடியில பாருங்க, என்ற பேரு. பெரிய எழுத்துல போட்டிருக்கறாங்களா? மெதுவாப் படிங்க. இன்னொருக்காப் படிங்க.

சூலூர் ரோடு வந்துருச்சு. அடுத்தது சோமனூருதான். அடடே, ரயில்வே போலீஸம்மா ஏறுறாங்க. வணக்கமுங்க மேடம், மகளிர் தின வாழ்த்துகள்!

என்னங்க? நானுங்களா? எந்திரிக்கறதா, எதுக்குங்க? என்ன பெட்டி? ...லேடீஸா?

ஏனம்மிணி, இதையா பீளமேட்டுல இருந்து சொல்ல வந்தீங்க? அப்ப மேல காட்டுனது காத்தாடி இல்லீங்களா? அது எழுத்தா? மகளிர் மட்டும்னு அத்தாச்சோட்டுப் பெரிய எழுத்துல எழுதியிருக்குதா? நானு கண்ணாடி இல்லாம... அட ஆண்டவனே. கோயிலுக்குப் போறீங்கன்னு நெனச்சனே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லீங்க?

ஆமா. ஆமாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க.

மேடம், மேடம், நானே எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிர்றேன், எங்க கம்பெனியில போன வருசம் மாசி மாசம்... பேசக் கூடாதுங்களா? சரிங்க. பேசல. திருப்பூர் ஸ்டேசனுக்கா? அங்க வந்து எழுதிக் குடுத்துட்டு, அபராதம் கட்டிட்டு வர மத்தியானமாயிருமே! பத்தரைக்கு எனக்கு மேடை இருக்குதுங்க. முப்பத்தோரு வருசமா மைக்கத் தட்டிட்டே இருந்தவனுங்க நானு. இன்னிக்குத்தான் மொதோத் தடவை பேச... சரி, சரி, பேசல.

இந்தம்மிணி தெரிஞ்சவிகளான்னா கேக்கறீங்க? தெரியுமே, கோயமுத்தூர்ல இருந்து ஒண்ணாத்தான் பேசிட்டு வாறோம். பேருங்களா? பேரு வந்து... கேக்கலீங்க மேடம்.

அம்மிணி, வண்டி மெதுவாகுது. சோமனூர் வந்துருச்சு. நானு சொன்னா இந்தம்மா கேக்க மாட்டேங்கறாங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க. நீங்க எந்திரிச்சு எனக்காக ரெண்டு வார்த்த பேசுங்க சாமி. நானு ஏறுனது, நீங்க சொல்ல வந்தது, நானு கேக்காதது, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க. பூக்கட்டற அக்கா, நீங்களும் சொல்லுங்க. பாட்டீ, நீங்களும்.

என்னங்கம்மிணி, சிரிக்கறீங்க? ரெண்டே நிமிசம் போதுமான்னா கேக்கறீங்க?

ஐயோ, எத்தன நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்க. நானு வாயே தொறக்கல. கேட்டுட்டு இருக்கறேன்.